பிரசவ வலியோடு லிஃப்டுக்குள்

அரசாங்கம் நிலம் கொடுக்க, தனியார் கம்பெனி கட்டிய மாடிவீடு ஒன்று எங்களுக்கு இரத்தினபுரி டவுனில் கிடைத்தது. ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றையறை வீடுகளில் வளர்ந்த எனக்கு, லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போவதே திருவிழா மாதிரி இருந்தது.

போன மாதம் என் தங்கை செல்விக்குப் பிரசவ வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு இருவரும் லிஃப்டில் இறங்கும்போது அது பாதியில் நின்றுவிட்டது.

அரசாங்க வீடமைப்பு ஆபீஸுக்கு போன் செய்தேன். “லிஃப்டுக்குக் கட்டின கம்பெனிதான் பொறுப்புங்க” என்றார்கள். கம்பெனியைக் கேட்டால், “கட்டடத்த ஒப்படைச்சிட்டோம், ஆபீஸ்ல கேளுங்க” என்றார்கள்.

“அக்கா, இங்கயே பொறந்துரும் போல” என்று செல்வி அழுதாள். கதவைத் தட்டிக் கத்தினேன். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவுக்குக் கேட்டுவிட்டது. “பய வென்ன எப்பா நங்கி, பயப்படாதீங்க தங்கச்சி” என்றபடியே காவலாளியைக் கூட்டிவந்து கதவைத் திறக்கவைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே பெண்குழந்தை பிறந்தது. அவளை நான்தான் முதலில் தூக்கினேன்.

பிறகு குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து இரு தரப்பையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்தோம். லிஃப்டைக் கம்பெனியே பார்த்துக்கொள்வதாக முடிவானது. இப்போதெல்லாம் யார் எதைப் புதிதாகத் தந்தாலும், “பழுதானா யாருங்க வருவீங்க?” என்று கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.