சும்மா ஏறிய மலை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மலையைப் பார்ப்பதற்காக மலை ஏறியவர்கள் என்று யாரும் கிடையாது. கொழுந்து பறிக்க ஏறுவார்கள், விறகுக்கு ஏறுவார்கள், மாட்டுக்கு மானாப்புல் அறுக்க ஏறுவார்கள். வேலை முடிந்ததும் அப்பாடா என்று இறங்கிவிடுவார்கள். நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்து வாசலில் நின்றால் நமுனுகுலை மலை முகத்துக்கு நேரே நிற்கும். அதன் உச்சியில் என்ன இருக்கிறது என்று எங்களில் யாரும் கேட்டதே இல்லை.

சித்தி வந்துதான் அதைக் கெடுத்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தவள், தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் பெட்டியில் எல்லோருக்கும் சேலையும் சோப்பும் இருந்தன. எனக்கு மட்டும் ஒரு கறுப்புக் கல். உடம்பெல்லாம் ஓட்டை, கருகிப்போன ரொட்டித் துண்டு மாதிரி. என் மூஞ்சி சுருங்கியதைப் பார்த்த சித்தி, பேசாமல் அதை வாளித் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. கல் மிதந்தது! அன்று முழுக்க நான் அந்த வாளியை விட்டு நகரவில்லை.

அது எரிமலைக் கல்லாம். வீட்டுக்காரர்கள் விடுமுறைக்கு ஒரு சின்னத் தீவுக்குப் போனபோது சித்தியையும் கூட்டிப் போனார்களாம். தீவின் நடுவில் தூங்குகிற எரிமலை. கார் சத்தம்கூட இல்லாத ஊர். காலையில் சித்தியும் அவர்களும் மெதுவாக நடந்து உச்சிக்குப் போய் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார்களாம்; இறங்கி வந்து மத்தியானம் தூங்குவார்களாம்.

“அவ்வளவுதானா வேல?” என்று அம்மா கேட்டாள்.

“அவ்வளவுதான் அக்கா,” என்றாள் சித்தி.

அம்மா கேட்டதற்குக் காரணம் இருந்தது. சித்தி இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலும் ஆள் கேட்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பதுளையில் போட்டோ பிடித்து, பாஸ்போர்ட்டும் வந்தாயிற்று. சித்தி திரும்பும்போது அம்மாவும் கூடப் போவாள், வர இரண்டு வருஷமாகும். இதற்கு லயத்திலேயே அதிகம் குதித்தது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்க அம்மா எரிமலைக்குப் போறாங்க என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்து டீச்சரே கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஓம், இது எரிமலைக் கல்தான்,” என்று சொன்ன பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? இரண்டு வருஷம் எவ்வளவு நீளம் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சித்தி, “அக்கா, நாளைக்கு நமுனுகுலைக்கு ஏறுவமா? சும்மா?” என்றாள்.

அப்பா தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் ஃபாக்டரியில், வேலை பார்த்தார். “ஆறு நாளு ஏறுறது பத்தாதுன்னு ஏழாவது நாளும் ஏறணுமா? ஒங்களுக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு,” என்று சொல்லிவிட்டு அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளி முளைக்கும்போது நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். ரொட்டியும் கட்டைச் சம்பலும் ஒரு பொட்டலம், போத்தலில் பால் கலக்காத சாயத்தண்ணி. அம்மா கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்ன அக்கா, ஞாயித்துக்கெழமயும் கூடையா?”

“கூட இல்லாம ஏறுனா எனக்குக் காலு வராதுடி,” என்றாள் அம்மா. நிஜமாகவே அப்படித்தான். கயிறு நெற்றியில் ஏறியதும் அவள் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

தேயிலை முடிகிற இடத்தில் காவல் நிற்கும் வாச்சர் மறித்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். “மலைய சும்மா பாக்கப் போறோம்ங்க,” என்றாள் சித்தி. வாச்சர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“சும்மா பாக்கவா? யாருகிட்ட கத விடுறீங்க?”

அம்மா கூடையைத் திருப்பிக் காட்டினாள். “வெறகு பொறுக்கத்தாங்க.”

“அதச் சொல்லுங்க!” என்று அவர் வழி விட்டார். உண்மையைச் சொன்னால் சந்தேகம், பொய்யைச் சொன்னால் மரியாதை.

அதற்கு மேல் காடு. பிறகு இடுப்பளவு மானாப்புல். பிறகு வெறும் பாறை. உச்சிக்குப் போனபோது ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் பஞ்சு மூட்டைக்குள் புகுந்ததுபோல வெள்ளை. இதுக்குத்தானா இந்தப் பாடு என்று நான் சிணுங்க ஆரம்பித்தேன். அப்போது காற்று திரும்பியது.

பனிமூட்டம் எங்கள் தலையிலிருந்து இடுப்புக்கு இறங்கியது, இடுப்பிலிருந்து காலுக்கு, காலிலிருந்து கீழே, கீழே. வெயில் வந்தது. எங்கள் காலடியிலிருந்து வானத்தின் ஓரம் வரை ஒரே வெள்ளைக் கடல். அலை இருக்கிறது, சத்தம் இல்லை. தூரத்தில் நாலைந்து மலைகளின் தலைகள் மட்டும் கறுப்பாக நின்றன. நாங்கள் நின்றதும் ஒரு தீவுதான். இத்தனை நாள் நாங்கள் இதற்குக் கீழேயா சோறு ஆக்கினோம், சண்டை போட்டோம், தூங்கினோம்? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறு நிமிஷம் பயம் பிடித்துக்கொண்டது. லயத்தைக் காணோம், ஸ்டோரைக் காணோம், அப்பா அதற்குள் முழுகிப் போய்விட்டார். “அம்மா!” என்று அலறிக்கொண்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

அம்மா ஒரு கையால் என்னை அணைத்துக்கொண்டாள். மற்றக் கையை வாயருகே குவித்து, விடியக்காலையில் முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது கூவுவார்களே, அப்படிக் கூவினாள்: “பொலியோ பொலி!” அவளுக்குத் தெரிந்த வாழ்த்து அது ஒன்றுதான். அந்த வெள்ளைக் கடல் முழுவதும் அது போய் வந்தது.

“அந்தத் தீவுலயும் இப்படித்தான் இருந்துச்சா?” என்று அம்மா கேட்டாள்.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் இன்னும் அம்மாவை விடவில்லை.

“எனக்குத் தெரியாது அக்கா. நான் ஏறல.”

“ஏறுனேன்னு சொன்ன?”

“அவங்க ஏறுனாங்க. நான் கைப்புள்ளைய வச்சிக்கிட்டு நாலு நாளும் அறைக்குள்ள இருந்தேன். ஜன்னல்ல பாதி மலதான் தெரியும். கல்லுகூட அவங்க புள்ளைங்க வெளையாடிட்டுப் போட்டுட்டுப் போனது.” சித்தி அம்மாவின் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “அந்த வீட்டுல தமிழ்ல ஒரு வார்த்த பேச ஆளில்ல அக்கா. நீ பக்கத்து வீட்டுல இருந்தா மொட்டமாடியில நின்னாவது ஒன்னப் பாத்துக்கலாம்னுதான் பொய் சொன்னேன். நீ வராத. இந்தப் புள்ளைய விட்டுட்டு வராத.”

அம்மா தங்கையின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். பிறகு, “இப்ப ஏறிட்டயில்ல. நல்லாப் பாத்துக்க,” என்றாள்.

எனக்கு மட்டும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப எல்லாம் பொய்யா? பள்ளிக்கூடத்துல நான் என்ன சொல்லுவேன்?” என்று கத்தினேன். இறங்கும் வழியெல்லாம் சித்தியின் கையைத் தட்டிவிட்டேன். அவள் கொடுத்த ரொட்டியையும் தொடவில்லை.

அம்மாவின் பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டிக்குள் போனது. லீவு முடிந்து சித்தி தனியாகப் புறப்பட்டபோது, பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் வழியனுப்பப் போனோம். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “பாப்பா, சித்திகிட்ட ஒரு வார்த்த பேசு,” என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் திரும்பி மறையும் வரை அப்படியே விறைப்பாக நின்றேன், அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. அது சித்தி எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிற கை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.