தனியாக ஓடி முதலாவதாக வந்தவள்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு கொசுவத்திக் கம்பெனி. அதன் பேக்கிங் பிரிவில் தனக்கொடி பத்து வருடமாகச் சுருள்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தாறு. வீடு வைத்திக்குப்பத்தில், கடலிலிருந்து மூன்றாவது தெரு. புருஷன் பாவாடை விசைப்படகு இஞ்சின்களைப் பிரித்துப் போடுகிற மெக்கானிக். பிரித்ததில் பெரும்பாலானவற்றைத் திரும்ப மாட்டியும் விடுவான். மாமியார் அஞ்சம்மாள் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவாள்.

2007 ஜூலை முதல் வாரம், வேலைக்குப் போகும் வழியில், கொக்கு பார்க் சிக்னலில் தனக்கொடியின் சைக்கிள் செயின் அறுந்தது. எட்டு மணிக்குக் கம்பெனி கேட் மூடிவிடும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் அரை நாள் லீவு. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓட ஆரம்பித்தாள். பின்னால் ஒரு ஸ்கூட்டர் அவளுக்குச் சமமான வேகத்தில் வந்ததை அவள் கவனிக்கவில்லை. கேட்டருகே நின்றபோதுதான் பார்த்தாள். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால்வரை காலுறை, கையில் ஒரு ஸ்டாப் வாட்ச்.

"மதாம், ஒரு நிமிஷம்."

"நான் யாரையும் இடிக்கல சார். செயின் அந்துபோச்சு, அவ்ளோதான்."

"பன்னெண்டு நிமிஷம், நாப்பது செகண்டு!" என்றார் அவர், கடிகாரத்தைக் காட்டி. "அதுவும் சைக்கிளத் தள்ளிக்கிட்டு!"

தனக்கொடி உள்ளே ஓடிவிட்டாள். சாயங்காலம் வெளியே வந்தபோதும் அவர் அங்கேயே நின்றார். வாட்ச்மேன் அதற்குள் இரண்டு முறை அவரை விசாரித்திருந்தார்.

அவர் பெயர் சந்திரமோகன். பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மற்ற சொல்தாக்கள் சாயங்காலமானால் மரத்தடியில் இரும்புக் குண்டு உருட்டி நிம்மதியாக இருப்பார்கள். இவர் மட்டும் ஓட்டப்பந்தய சங்கம் ஒன்று ஆரம்பித்திருந்தார். சங்கத்தில் பதினோரு பேர். அதில் ஆறு பேருக்கு அப்போது முட்டிவலி.

ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளன்று, சங்கத்தின் சார்பில் கடற்கரைச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டது. 'பெண்கள் பிரிவு, முதல் பரிசு' என்று பொறித்த கோப்பைகூடத் தயார். பெண்களின் முன்னேற்றம் பற்றிப் பேசச் சிறப்பு விருந்தினர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு குறை, பெண்தான் கிடைக்கவில்லை.

"ஒங்க வூட்டம்மா ஓடலாமே சார்?" என்றாள் தனக்கொடி.

"கேட்டேன் மதாம். கேட்டதுக்கே ரெண்டு நாள் பேசல."

தனக்கொடி ஓடப்போகிற செய்தி கம்பெனி மேனேஜர் காதுக்கு எட்டியது. அவர் உடனே அவளுக்கு ஒரு பனியன் கொடுத்து ஊக்குவித்தார். முன்பக்கம் செத்துக் கிடக்கும் கொசுவின் படம். முதுகில் கம்பெனியின் வாசகம்: 'பற்ற வைத்தால் போதும், ஓடிவிடும்.' ஒன்பதாவது படிக்கும் மகனின் விளையாட்டுப் பேண்ட் அவளுக்குச் சரியாக இருந்தது.

காந்தி சிலை அருகே ஆண்கள் நாற்பது பேரோடு அவளும் நின்றாள். விசில் ஊதியதும் ஓடினாள். பாதி வழியில், பெண்கள் பிரிவில் தனக்கு முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை என்பது உறைத்தது. ஸ்கூட்டரில் கூடவே வந்த சந்திரமோகனிடம் கேட்டாள்.

"சார், நடந்துகூடப் போவலாம்ல?"

"டைம் இருக்கு மதாம், டைம்! அல்லே, அல்லே!"

'அல்லே' என்றால் பிரெஞ்சில் 'போ, போ' என்று அவளுக்குத் தெரியாது. திட்டுகிறார் என்று நினைத்து வேகமாக ஓடினாள். முப்பத்து மூன்று நிமிடம். மகளிர் பிரிவில் முதலிடம். சிறப்பு விருந்தினர் பெண்களின் முன்னேற்றம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அவர் பேசி முடித்த நேரத்தில் அவள் இன்னொரு தரம் ஓடி முடித்திருக்கலாம்.

வீட்டில் பாவாடை கோப்பையைத் தட்டிப் பார்த்தான். "அலுமினியம்" என்றான். "எத்தினி பொம்பளைங்க ஓடுனாங்க?"

"நான் ஒருத்திதான்."

"அப்ப கடைசியும் நீதான்."

அஞ்சம்மாள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்டுக் கோழியத் தனியா ஓட வுட்டா அதும்தான் ஃபர்ஸ்ட்டு வரும்."

அக்டோபரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். இம்முறை இன்னொரு பெண்ணும் பெயர் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் தனக்கொடி மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து ஓடினாள். குரைக்காத நாய்களுக்குக்கூட அவளைப் பார்த்துக் குரைக்கும் பழக்கம் வந்தது. போட்டி நாளன்று அந்தப் பெண் தன் காரிலேயே வந்து இறங்கினார், வெயிலைப் பார்த்தார், திரும்ப ஏறிக்கொண்டார். மறுபடியும் முதலிடம். இம்முறை பரிசு ஒரு சுவர்க் கடிகாரம்.

பேக்கிங் பிரிவில் அவளுக்கு 'முதலிடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டீ வாங்கும் வரிசையில் அவளை முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் யாரும் நிற்காமல் ஒதுங்கிக்கொள்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஓடும்போது பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும், யாரையாவது தான் முந்த வேண்டும், இல்லையென்றால் தன்னையாவது யாராவது முந்தித் தொலைக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் வந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

டிசம்பரில் சந்திரமோகன் வீட்டுக்கே வந்தார். ஜனவரி கடைசியில் வீராம்பட்டினத்தில் டிரையத்லான். கடலில் நானூறு மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக.

"எதுக்கு?" என்றான் பாவாடை.

பதினேழு வருட ராணுவத்தில் யாரும் சந்திரமோகனை அப்படிக் கேட்டதில்லை.

"பொம்பள கடல்ல எறங்குறதா?" என்றாள் அஞ்சம்மாள். "கடலாலதான் சோறு. அதுக்குன்னு கடலுக்குள்ளயே போயிக் குந்துவியா?"

தனக்கொடி பதின்மூன்று வயதுவரை அண்ணன்களோடு கடலில் கிடந்தவள். பெரிய மனுஷி ஆனதும் நிறுத்திவிட்டார்கள். கற்ற நீச்சல் உடம்பைவிட்டுப் போகாது என்று சொல்வார்கள். போயிருந்தது. முதல் நாள் பயிற்சியில் மூக்கு வழியாகப் பாதிக் கடலைக் குடித்தாள். ஆட்கள் பார்த்துவிடக் கூடாதென்று காவலுக்கு வந்த பாவாடை கரையில் நின்று யோசனை சொன்னான்.

"சோக்க இழுக்காத! மொதல்ல ஐடில்ல வுடு, அப்பறம் ரேஸ் பண்ணு!"

"நான் என்ன யமஹா இஞ்சினா?"

"யமஹாவா இருந்தா இந்நேரம் மெதந்திருக்கும்."

மூன்றாவது வாரத்தில் மிதந்தாள். ஐந்தாவது வாரத்தில் நீந்தினாள்.

போட்டியில் பதினான்கு ஆண்கள், தனக்கொடி. பாதிப்பேர் சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். மோட்டார் சைக்கிள் விலையில் சைக்கிள் வைத்திருந்தார்கள். ஒட்டிப்பிடிக்கும் உடுப்பு, கண்ணாடி, தலைக்கு ரப்பர் தொப்பி. நீச்சல் குளத்தில் தினமும் ஒரு மணி நேரம் பழகியவர்கள். குளத்தில் அலை வராது என்பது ஒன்றுதான் வித்தியாசம். முதல் அலையிலேயே மூன்று பேர் கரைக்குத் திரும்பி வந்தார்கள், அவர்கள் விருப்பமில்லாமல். ஒருவரை ஃபைபர் படகில் தூக்கிப் போட்டார்கள். தனக்கொடி அலை உடையும் முன் அதற்கடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தாள். நீச்சல் முடித்து மூன்றாவது ஆளாகக் கரையேறினாள்.

அதன்பின் சைக்கிள். முன்னால் கூடை, பின்னால் கேரியர், இரட்டை ஸ்டாண்டு வைத்த லேடீஸ் சைக்கிள். எல்லோரும் அவளை முந்தினார்கள். அரியாங்குப்பத்தில் ஒரு பால்காரர்கூட முந்தினார், அவர் போட்டியிலேயே இல்லை. ஓட்டத்தில் அவள் சிலரைத் திரும்பப் பிடித்தாள். மொத்தம் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். பதினைந்து பேரில் ஏழாவது. பின்னால் வந்த ஆண்களில் ஒருவருக்குத் தசை பிடித்துவிட்டதாம். ஒருவரை ஜெல்லி மீன் கொட்டியதாம். ஒருவர் சும்மா பயிற்சிக்குத்தான் வந்தாராம். போட்டி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சான்றிதழில் 'பெண்கள் பிரிவு, முதலிடம்' என்றுதான் எழுதினார்கள். ஏழாவது என்று எழுதித் தரச்சொல்லித் தனக்கொடி கேட்டாள். அப்படி ஒரு பிரிவு இல்லை என்றார்கள்.

ஆனால் மாலைப் பத்திரிகை ஒன்றில் அவள் படம் வந்தது. கொசுவும் தெளிவாகத் தெரிந்தது. மேனேஜருக்குப் பரம சந்தோஷம். பாவாடை பத்திரிகையை இரண்டு முறை படித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து அவளுடைய சைக்கிளைப் பிரித்தான். கூடை, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், மட்கார்டு எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன.

"ஐயையோ, என்னா பண்ற? நாளைக்கு வேலைக்குப் போவணும்."

"வெயிட்டு. எல்லாம் தண்ட வெயிட்டு. இத வச்சிக்கினு எவன் ஓட்டுவான்?" பேரிங் இரண்டையும் மாற்றி, படகு இஞ்சினுக்குப் போடும் கிரீஸைப் போட்டான். ஆச்சரியமாக, எல்லாவற்றையும் திரும்ப மாட்டவும் செய்தான், கழற்ற வேண்டியதைத் தவிர.

மறுநாள் காலை அவள் வழக்கத்தைவிட ஒன்பது நிமிடம் முன்னதாகவே கம்பெனிக்குப் போய்விட்டாள். கேட்டே திறந்திருக்கவில்லை.

மார்ச் மாதம், சீசனின் கடைசி டிரையத்லான். அதே வீராம்பட்டினம், அதே தூரம். பத்திரிகைப் படத்தைப் பார்த்து, இந்த அம்மாவே செய்யும்போது நமக்கென்ன என்று நான்கு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். சென்னையிலிருந்து இரண்டு பேர், ரெட்டியார்பாளையத்து பேங்க் அதிகாரி ஒருவர், லாஸ்பேட்டையில் கல்லூரியில் படிக்கும் சரிதா. சந்திரமோகன் கவலையோடு வந்தார்.

"மதாம், இந்தத் தடவ முதல் பரிசு நிச்சயமில்ல."

"நெசமாவா சார்?" என்று கேட்ட தனக்கொடியின் முகத்தைப் பார்த்து அவர் குழம்பிப்போனார்.

இம்முறை பாவாடையும் வந்தான். முன்பு ஒரு போட்டிக்கும் வந்ததில்லை. காலை ஆறரைக்கு ஆரம்பம். கடலில் அவள்தான் முன்னால் போனாள். பேங்க் அதிகாரி முழங்கால் தண்ணீரிலேயே முடிவை மாற்றிக்கொண்டார். சைக்கிளில் சென்னைப் பெண்கள் இரண்டு பேரும் அவளைக் கடந்து போனார்கள். ஒன்றும் சொல்லாமல் சர்ரென்று போனார்கள். பதினேழாவது கிலோமீட்டரில் சரிதா பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, அந்த ஒரே ஆளு நீங்கதான?"

"ஆமாம்மா."

"சாரிக்கா" என்று சொல்லிவிட்டு அவளும் கடந்து போனாள்.

இதைத்தானே ஆசைப்பட்டோம் என்று தனக்கொடி நினைத்துக்கொண்டாள். ஆசைப்படும்போது இவ்வளவு எரிச்சல் வரும் என்று தெரிந்திருக்கவில்லை. இருபது கிலோமீட்டர் முடிந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். மூன்றாவது கிலோமீட்டரில் சரிதாவின் முதுகு தெரிந்தது. நாலாவதில் இரண்டு பேரும் தோளோடு தோள். சரிதாவின் மூச்சு அவள் காதில் விழுந்தது, தன் மூச்சு எது என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு.

"முன்னாடி போங்கக்கா, எனக்கு வவுறு வலிக்கிது" என்றாள் சரிதா.

"எனக்குந்தான் வலிக்கிது. பேசாம ஓடு."

கடைசி வளைவில் மணல் வந்தது. கல்லூரி மைதானத்தில் ஓடிப் பழகிய கால் புதைந்தது. குப்பத்துக் கால் புதையவில்லை. மூன்று அடி வித்தியாசத்தில் தனக்கொடி கோட்டைத் தாண்டினாள். பெண்கள் பிரிவில் மூன்றாம் இடம். ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம்.

சரிதா மணலில் மல்லாந்து கிடந்தாள். மூச்சு திரும்பியதும் எழுந்து உட்கார்ந்து, கோபமாகச் சொன்னாள்: "அடுத்த தடவ ஒங்கள வுட மாட்டேன்க்கா. பாத்துக்குங்க."

இதுவரை எத்தனையோ பேர் அவளை மேடையில் பாராட்டியிருந்தார்கள். இப்படி ஒரு மரியாதையை யாரும் செய்ததில்லை. தனக்கொடி அந்தப் பெண்ணின் தலையைப் பிடித்து உலுக்கினாள். ஏன் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று தெரியவில்லை. உப்புத் தண்ணீர்தான், கடலில் இறங்கினால் வருவதுதான் என்று வைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்து கூட்டத்தில் பாவாடையைத் தேடினாள். ஆளைக் காணோம். எட்டேகாலுக்குக் கோயில் பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு கிளாஸ் டீயோடு நிதானமாக நடந்து வந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது.

"என்னா, பாதியில வுட்டுட்டியா?"

"முடிச்சிட்டேன். மூணாவது."

"எப்பிடி? போன தடவ ஒரு மணி அம்பத்திரண்டு நிமிஷமாச்சு. எட்டு இருவத்திரண்டுக்குத்தான் நீ வரணும். கணக்குப் போட்டுத்தான் டீ குடிக்கப் போனேன்."

"முன்னாடியே வந்துட்டேன்."

"அதெப்பிடி வருவ?" அவனுக்கு உண்மையிலேயே ஆத்திரமாக இருந்தது. அந்தச் சைக்கிளுக்கு கிரீஸ் போட்டவன் அவன். "வேல மெனக்கெட்டு வந்தவன் நான். அந்தக் கடைசி வளைவ மட்டும் ஒருதரம் ஓடிக் காட்டு, பாக்குறேன்."

"போய்யா" என்றாள் தனக்கொடி. இரண்டு கிளாஸையும் அவன் கையிலிருந்து வாங்கி, ஒன்றைச் சரிதாவிடம் கொடுத்துவிட்டு, மற்றதைக் குடிக்க ஆரம்பித்தாள்.