கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த மாத்திரை

தொண்ணூறுகளின் கடைசியில், நிவித்திகலைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். அந்த வருடம்தான் என் ஆறு வயது மகளுக்கு முகம் வீங்கத் தொடங்கியது.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலம் தெரியும் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். தோட்டத்தில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். தலை கனக்காமல் என்ன செய்யும்? பத்தாம் வகுப்புக்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைச் சொல்லும் சொற்கள் என்று ஒரு பாடமே நடத்துவேன். நிலவு தேய்ந்தால் ‘வேன்’, கடல்நீர் உள்வாங்கினால் ‘எப்’, துணியின் சாயம் போனால் ‘ஃபேட்’, பூ வாடினால் ‘விதர்’. கடைசிச் சொல்லுக்கு மட்டும் பிள்ளைகள் சிரிப்பார்கள். பெக்டரியில் கொழுந்தை வாட்டுவதற்கும் அதே சொல்தான். வாடினால்தான் தேயிலை என்பது அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகளுக்கு முதலில் காலையில் கண்ணிமை மட்டும் தடித்திருந்தது. பிறகு கால் வீங்கியது, வயிறு வீங்கியது. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் எல்லாரும் “நீர் கோத்துக்கிச்சு” என்று ஆளுக்கொரு கை வைத்தியம் சொன்னார்கள். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சிறுநீரகக் கோளாறு என்றார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் அவளோடு தங்கியிருந்த நாட்களில்தான் என் பாடத்தை நானே மறுபடி படித்தேன்.

வீக்கம் இறங்குவதற்கு டொக்டர்கள் சொன்ன சொல் ‘சப்சைட்’. ஆற்று வெள்ளம் வடிவதற்கும் அதைத்தான் சொல்வார்கள். அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கும் இரத்தினபுரிக்காரர்களுக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. ஒரு நாள் பக்கத்துக் கட்டில் குழந்தையைப் பார்த்துவிட்டு ‘டிடீரியரேட்’ என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அது வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் சொல்கிற சொல் அல்ல. ஆளே மோசமாகிக்கொண்டு வரும்போது சொல்வது. மறுநாள் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு டொக்டர் என் மகளின் கட்டிலருகே வாயைத் திறக்கும்போதெல்லாம், என்ன சொல் வரப்போகிறதோ என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் பிள்ளைக்குக் கிடைத்தது ‘டெயில் ஓஃப்’. தினமும் கை நிறையக் கொடுத்த மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைத்து, பல மாதம் கழித்து நிறுத்துவது. நான் ஆங்கில டீச்சர் என்று தெரிந்ததால் டொக்டர் என்னிடம் ஆங்கிலத்திலேயே விளக்கினார். இந்த மருந்து வெளியிலிருந்து போவதால் உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், அது நினைவுக்கு வரும்வரை பொறுமையாகக் குறைக்க வேண்டும், திடீரென்று நிறுத்தினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து என்றார். வீட்டில் தினமும் காலையில் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளையாகத் திரண்டால் கெட்டது, தெளிந்திருந்தால் நல்லது. அதைக் காய்ச்சும் விளக்கை ஏற்றிய பயபக்தியோடு சாமி விளக்கைக்கூட நான் ஏற்றியதில்லை.

மாதாந்தக் கிளினிக்கில் ஒரு சிங்கள அக்கா எனக்குப் பழக்கமானார். அவருடைய மகனுக்கும் இதே வியாதி, இதே மாத்திரை. எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் கிராமத்தில்தான் வீடு. பன்சலைக்கு, அதாவது புத்த விகாரைக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பிள்ளைகளின் சிறுநீரைப் பற்றியே மணிக்கணக்காகப் பேசுவோம். ஆனாலும் அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துத் தமிழ் ஆட்கள் கிராமத்துக் கடைக்குப் போவார்களே தவிர, வீடுகளுக்குப் போவதில்லை. முந்தின வருடம் இரண்டு பக்கத்துக்கும் நடந்த ஒரு கைகலப்புக்குப் பிறகு கடைக்குப் போவதுகூடக் குறைந்திருந்தது.

ஜூன் மழை பிடித்தது. பெக்டரிக்குக் கீழே மண் சரிந்து ரோட்டை மூடியது. பஸ் இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்ததால் டவுனுக்கு வேறு வழியும் இல்லை. அந்த வாரம்தான் மகளுக்குக் கிளினிக். போக முடியவில்லை. இருந்த மாத்திரையில் கடைசியை ஒரு காலையில் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை. தோட்டத்து ஆபீஸான கந்தோரின் டெலிபோனும் செத்துப் போயிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்த மாத்திரை இல்லை.

லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பரா அக்கா நல்ல மனசுக்காரிதான். ஆனால் அவருக்கு அந்த மாத்திரையைக் கண்டாலே ஆகாது. மருந்தினால் மகளின் கன்னம் உப்பிப் போயிருந்தது.

“புள்ள மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆகிருச்சு டீச்சர். வீக்கந்தான் வடிஞ்சிருச்சே. கடவுளாப் பாத்து மாத்திரைய நிப்பாட்டியிருக்காருன்னு நெனச்சுக்குங்க. ரெண்டு நாள் இல்லாட்டி என்ன ஆகிறப் போவுது?”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை. வெளியே கொட்டும் மழையைப் பார்த்தேன். உள்ளே பசி பசி என்று ரொட்டி தின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்தேன். டொக்டர் சொன்னது காதுக்குள் நின்றது. அன்றைக்கே பிள்ளையை அடுத்த காம்பரா அக்காவிடம் விட்டுவிட்டுக் குடையை எடுத்தேன்.

கிளினிக் அக்காவின் கிராமத்தை நோக்கி இறப்பர் மலை வழியாக இறங்கினேன். அட்டை கடித்ததெல்லாம் பிறகுதான் தெரிந்தது. கிராமத்து எல்லையில் வாழைக்குலை சுமந்து வந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “கொஹேத யன்னே?” என்றார். எங்கே போகிறாய் என்று கேட்பது சாதாரணக் கேள்விதான். அன்றைக்கு எனக்கு அது அதட்டலாகக் கேட்டது. அந்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பன்சலைப் பக்கத்தில், முகம் வீங்கும் பையன் ஒருவன் இருக்கும் வீடு என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் வாழைக்குலையை வேலியில் சாத்திவிட்டு முன்னால் நடந்தார்.

வாசலில் என்னைக் கண்டதும் அந்த அக்கா, “அனே நங்கி!” என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். என் ஈரச் சேலை அவர் வீட்டுச் சிமெந்துத் தரையெல்லாம் நனைத்தது. விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, பால்மா டின் ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே ஆஸ்பத்திரி உறையில் அதே மாத்திரைகள். போன மாதம் அவர் மகனுக்கு இடையிலேயே அளவைக் குறைத்ததில் மிஞ்சியவை. உறையில் எழுதியிருந்த மருந்தின் பெயரையும் அளவையும் நான் இரண்டு தடவை வாசித்தேன். எங்களுடையதேதான்.

“மகனுக்கு வேணுமே அக்கா?” என்றேன்.

“அவனுக்கு வேற இருக்கு நங்கி. இது மிச்சம். நாங்க முன்னால ஒரு தடவ தெரியாம நிறுத்திட்டோம். வீக்கம் போயிருச்சேன்னு சந்தோசத்துல. ரெண்டு நாள் கழிச்சு வாந்தி எடுத்தான், அப்புறம் கண்ணே தொறக்கல. தூக்கிக்கிட்டு ஓடினோம். உன் பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவெல்லாம் இல்லை. இஞ்சி போட்ட வெறுந்தேநீரையும் ஒரு துண்டு கருப்பட்டியையும் கையில் கொடுத்தார். மாத்திரையை உறையோடு பொலிதீனில் இறுக்கிச் சுற்றி, “ஜாக்கெட்டுக்குள்ள வச்சிக்க, நனைஞ்சிரும்” என்று என்னை அதட்டினார். வாழைக்குலைக்காரர் மழையில் காத்திருந்து, இறப்பர் மலை தொடங்கும் இடம்வரை கூட வந்துவிட்டுத்தான் திரும்பினார்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கே மகளுக்கு மாத்திரை கிடைத்தது. ரோடு திறக்கும்வரை ஒரு வேளையும் தவறவில்லை. கிளினிக்கில் சொன்னபோது டொக்டர் முதலில் முறைத்தார். ஒருவர் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது என்றார். உறையைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அந்த அம்மாவால்தான் உன் பிள்ளை நடந்து வந்திருக்கிறாள்” என்றார்.

அடுத்த தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்திரைப் புத்தாண்டுக்கு அவர் பையனிடம் கவும் பலகாரம் கொடுத்தனுப்பினார். மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாளாகி, பாதியாகி, கடைசியில் இல்லாமலே போனது. மாதம் ஒரு தடவை இருந்த கிளினிக்கும் தள்ளித் தள்ளிப் போனது. ஒரு நாள் பெஞ்சில் அந்த அக்காவைக் காணவில்லை. நர்ஸிடம் விசாரித்தேன். “அந்தப் பையன் இனி வரத் தேவையில்லை” என்றார். சில மாதங்களில் என் மகளுக்கும் அதையே சொன்னார்கள். எனக்குக் கொடகவெலப் பக்கம் மாற்றல் வந்தது. பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை.

மனிதர்கள் பிரிந்துபோக எத்தனையோ காரணங்கள் உண்டு, எங்கள் இருவரையும் பிரித்தது பிள்ளைகள் இருவரும் குணமானதுதான். அதனால் அவரைப் பார்க்காமல் போகும் ஒவ்வொரு வருடமும், அவர் பொலிதீனில் சுற்றிக் கொடுத்த அந்த மாத்திரைகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்றே நினைத்து நன்றி சொல்லிக்கொள்கிறேன்.