சித்தூர் பாருக்கு வந்த மூக்குக் கிளாஸ்

1. இரண்டு டஜன்

எங்கள் லாட்ஜ் முதலாளியின் மகன், சின்ன முதலாளி, அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றை மட்டும் பாருக்குள் தூக்கி வரச் சொன்னார். துணியோ சாக்லேட்டோ இருக்கும் என்று நினைத்துத் திறந்தோம். தெர்மாகோலுக்கு நடுவே இரண்டு டஜன் கிளாஸ்கள் இருந்தன. அடியில் குட்டைக் கால், நடுவில் தொப்பை, மேலே குறுகிய வாய். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

அப்போது நான் சித்தூர் பைபாஸ் ரோட்டில் ஒரு லாட்ஜ் பாரில் கேப்டன், அதாவது வெயிட்டர்களுக்குத் தலைவன். சொந்த ஊர் சத்தியவேடு பக்கம். வீட்டில் எல்லோருக்கும் கூலி வேலை. டேபிள் துடைக்கச் சேர்ந்து, தெலுங்கும் கொஞ்சம் இங்கிலீஷும் கற்றுக்கொண்டு கேப்டன் ஆனவன். ஃபாரின் சரக்கு கடையிலேயே கிடைக்க ஆரம்பித்திருந்த காலம் அது. மாம்பழக் கூழையும் கிரானைட்டையும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் எங்கள் பாரில் உட்கார்ந்துதான் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

ஸ்காட்ச்சை இந்த மாதிரி கிளாஸில்தான் குடிக்க வேண்டும் என்று சின்னவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். விஸ்கியின் வாசனை தொப்பைக்குள் திரண்டு, குறுகிய வாய் வழியாக நேராக மூக்குக்கு வருமாம். ருசியில் பாதி மூக்கில்தான் இருக்கிறதாம். வாடிக்கையாளருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். நான் அதை மனப்பாடம் செய்தேன்.

"மூக்கைக் கிளாஸுக்குள்ள விடுங்க சார். வாயை லேசாத் தொறந்து வெச்சிக்கோங்க. இழுத்து மோந்து பார்க்கக் கூடாது. முதல்ல பழம் வரும், அப்புறம் பொகை, கடைசியில மரம்."

பாரில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரியாது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். நான் குடிக்கிறவனும் இல்லை. கேப்டன் குடிக்காதவனாக இருப்பது முதலாளிகளுக்குப் பிடிக்கும். மூக்கு வேலை செய்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

2. பழம், புகை, மரம்

கிளாஸுக்குக் கிடைத்த வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. குப்பம் டவுனிலிருந்து வரும் ஒரு கிரானைட் கான்ட்ராக்டர் முதல் தடவையிலேயே பழத்தையும் புகையையும் மரத்தையும் கண்டுபிடித்துவிட்டு, கூடவே கொஞ்சம் வெல்லமும் இருப்பதாகச் சொன்னார். மறுநாள் நண்பர்களை அழைத்து வந்து, என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவரே பாடம் எடுத்தார். ஒரு தாலுகா ஆபீஸ் அதிகாரி மட்டும், ஐஸுக்கும் சோடாவுக்கும் இடமில்லாத கிளாஸை எவன் செய்தான் என்று கோபித்துக்கொண்டு பழைய டம்ளரையே கேட்டு வாங்கினார். லோக்கல் சரக்கே போதும் என்றிருந்தவர்கள்கூட, கிளாஸுக்காகவே ஸ்காட்ச் ஆர்டர் செய்தார்கள்.

ஸ்டோர் ரூம் சாவி மேனேஜர் பாஸ்கரிடம் இருக்கும். முதலாளியின் மைத்துனர். ஸ்காட்ச் பாட்டில்களை அவரே ஸ்டோரில் திறந்து, திறந்த பாட்டிலாகத்தான் கவுன்ட்டருக்கு அனுப்புவார். வெயிட்டர்கள் மூடியை உடைத்து பாட்டிலைக் கெடுத்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னார். நானும் நம்பினேன். பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளைத் தவிர எனக்கு வேறு சாட்சி கிடையாது.

3. சம்பந்தம் முகர்ந்தார்

சம்பந்தம் எங்கள் ரெகுலர். கார்வேட்டிநகரத்துக்காரர். மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் குவாலிட்டி வேலை. ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் கூழ் எடுத்து முகர்ந்து, நாக்கில் வைத்து, இது போகலாம், இது கூடாது என்று சொல்ல வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வருவார். லோக்கல் விஸ்கி, தடி டம்ளர், நிறைய சோடா. யாரோடும் பேசாமல் குடித்துவிட்டுப் போவார்.

அந்த வருஷ சீசன் முடிவில் அவருடைய முதலாளி, ஹாலந்திலிருந்து கூழ் வாங்க வந்த பையருக்கு எங்கள் பாரில் மதிய விருந்து கொடுத்தார். புது ஆர்டரில் அன்றைக்குத்தான் கையெழுத்து ஆக வேண்டும். சம்பந்தத்தையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். ஹாலந்துக்காரர் பீர் போதும் என்றுவிட்டார். மற்றவர்களுக்கு ஸ்காட்ச் ஊற்றி, நான் வழக்கமான பாடத்தைச் சொன்னேன். எல்லோரும் மூக்கை விட்டார்கள், தலையாட்டினார்கள்.

சம்பந்தம் மட்டும் தலையாட்டவில்லை. மறுபடி ஒருமுறை முகர்ந்தார். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து, கை கழுவுகிற இடத்துக்குப் போனார். டவல் கொடுக்கப் போன என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஏழுமலை, இது நம்ம சரக்குப்பா. எப்பவும் நான் சோடா ஊத்திக்கினு குடிக்கிறனே, அதேதான்."

லேபிளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். லேபிளை முகர முடியாது என்றார். அங்கேயே சத்தம் போட்டிருந்தால் அவருடைய முதலாளிக்குத்தான் தலைகுனிவு, கையெழுத்தும் கெட்டிருக்கும். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்து, அந்தக் கிளாஸைக் காலி செய்து, நன்றாக இருக்கிறது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கையெழுத்து ஆனது.

அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு மாதமாக எத்தனை பேரிடம் பழம், புகை, மரம் என்று சொல்லியிருப்பேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. மைத்துனரைப் பற்றிப் புகார் சொல்லி வேலையில் நிலைத்தவன் யாரும் இல்லை. ஆனால் இன்னொருவர் முகர்ந்து சத்தம் போட்டால் முதலில் பிடிபடுவது ஊற்றிய கை. மறுநாள் காலையில் எங்கள் பெரிய முதலாளியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

முதலாளி பாஸ்கரைக் கூப்பிட்டார். பாஸ்கர் பதறவே இல்லை. அக்கா புருஷனைத் தெலுங்கில் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

"ஊத்துறவன் இவன், பாவா. இவனே கலந்திருப்பான்."

"நானே கலந்திருந்தா எல்லாரையும் மோந்து பார்க்கச் சொல்லுவனா சார்?" என்றேன்.

முதலாளி யோசித்தார். பிறகு, எட்டு மாதமாக ஊற்றுகிறவனுக்கு வாசனையில் ஏன் தெரியவில்லை என்று கேட்டார். வேறு வழியில்லாமல் என் மூக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கண்ணை மூடச் சொல்லி, ரூம் பையனிடமிருந்து எதையோ வாங்கி என் மூக்குக்குக் கீழே பிடித்தார். என்ன இது என்று கேட்டார். தண்ணீரா என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் தரை துடைக்கிற ஃபினாயில்.

முதலாளி ஃபினாயில் பாட்டிலை மேஜையில் வைத்தார். "நீயா ஊருக்கெல்லாம் மோந்து பார்க்கக் கத்துக் குடுத்துக்கினு இருந்த?" என்றார்.

"சின்னவர் எழுதிக் குடுத்ததைச் சொன்னேன் சார்."

பிறகு சீல் உடைக்காத ஸ்காட்ச் ஒன்றைத் தன் கண் முன்னால் திறக்கச் சொன்னார். அதையும் கவுன்ட்டர் பாட்டிலில் இருந்ததையும் முதலில் தடி டம்ளரில் ஐஸும் சோடாவும் சேர்த்துக் குடித்துப் பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை. பாஸ்கர் முகத்தில் சிரிப்பு வந்தது. அடுத்து இரண்டையும் மூக்குக் கிளாஸில் ஊற்றச் சொன்னார். முதல் கிளாஸை முகர்ந்தார். இரண்டாவதை முகர்ந்ததும் முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். ஸ்பிரிட் நெடி கண்ணில் நீர் வரவைத்துவிட்டது.

நியாயம் கிடைக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"பாவா, இத்தினி வருஷத்துல எவனாவது ஒரு வார்த்தை சொன்னானா? இந்தக் கிளாசு வந்தப்புறம்தானே இந்தத் தலைநோவு?" என்றார் பாஸ்கர்.

முதலாளி அந்த வார்த்தையை அசை போட்டார். தெலுங்கில் இரண்டு கெட்ட வார்த்தை சொல்லி பாஸ்கரை வெளியே அனுப்பினார். பத்து நிமிஷம் கழித்து முடிவு சொன்னார். இனி ஸ்காட்ச்சை டேபிளில்தான் திறக்க வேண்டும். பாஸ்கர் ஸ்டோரை விட்டு லாட்ஜ் ரூம்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்குக் கிளாஸ் இனி பாருக்குள் வரக் கூடாது. கடைசியாக எனக்கு. திருப்பதியில் அவருக்கு ஒரு சைவ ஓட்டல் இருந்தது. அங்கே நான் சூப்பர்வைசர். பதவி உயர்வு என்றார். விஷயம் தெரிந்தவனை பாரை விட்டு அனுப்புவதற்கு அதைவிட மரியாதையான வழி அவருக்குத் தெரியவில்லை.

கிளாஸ்கள் லாட்ஜ் ஓட்டலின் ஃபேமிலி செக்ஷனுக்குப் போயின. அதில் ஃப்ரூட் சாலட் கொடுத்தார்கள். வாய் குறுகலாக இருந்ததால் ஸ்பூன் உள்ளே போகவில்லை என்று கேள்வி.

கிளம்பும் முன் சம்பந்தத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். அவர் வழக்கமான இடத்தில், வழக்கமான டம்ளரோடு இருந்தார். அவ்வளவு நல்ல மூக்கை வைத்துக்கொண்டு ஏன் எப்போதும் இதிலேயே குடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாள் பூரா மோந்துக்கினே இருக்கிறேன். இதுல எதுவும் தெரியாது. அதான் இது" என்றார்.

4. திருப்பதியில்

நான் ரிட்டையர் ஆனது அந்த சைவ ஓட்டலில்தான். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இப்போதும் கேட்கிறார்கள், கிளாஸை மாற்றினால் விஸ்கி ருசி கூடுமா என்று. முகர முடியாத, குடிக்காத ஒருவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. இருந்தாலும் அனுபவத்தில் பதில் சொல்கிறேன். நல்ல சரக்கை நல்ல கிளாஸ் நல்லதாகவே காட்டும். கெட்டதையும் அதே நேர்மையோடு காட்டும். அதனால் கிளாஸ் வாங்கும் முன் ஸ்டோர் ரூமைத் திறந்து பாருங்கள்.

இதைச் சின்ன முதலாளியிடமே ஒருமுறை சொல்ல வேண்டி வந்தது. சில வருஷங்கள் கழித்து அமெரிக்காவை விட்டு வந்து, திருப்பதி ஓட்டலை அவரே பார்க்க ஆரம்பித்திருந்தார். காபியை ஸ்டீல் டம்ளருக்குப் பதில் பித்தளை டபராவில் கொடுத்தால் ஜனங்கள் நின்று ரசித்துக் குடிப்பார்கள், ருசியே தனி என்றார். சாம்பிள் டபரா ஒன்றும் கையில் இருந்தது.

தாராளமாகச் செய்யலாம் என்றேன். கிச்சனுக்குப் போய் காபித்தூள் டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துத் திறந்தேன். பாதிக்கு மேல் சிக்கரி என்று காபி மாஸ்டர் எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார்.

சின்னவர் டின்னுக்குள் மூக்கை விட்டார். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் முகர்ந்தார். நிமிர்ந்து, டின்னை அவரே மூடினார்.

"ஸ்டீல் டம்ளரே இருக்கட்டும் ஏழுமலை" என்றார்.