சந்தேகம் விழுந்த தண்ணீர்

டாக்டர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, வாளித் தண்ணீரில் மணிக்கட்டின் உட்புறத்தை வைத்துச் சூடு பார்ப்பார். குழந்தைக்குப் பால் கலக்கும் தாய்மார் கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்களே, அதே கவனம். பிரிக்ஃபீல்ட்ஸில் அவருடைய கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் வாரத்தில் கண்ட காட்சி அது. காலை நோயாளிகள் போய் மாலை நோயாளிகள் வருவதற்கு இடையில் கிடைக்கும் நேரத்தில் வேறு டாக்டராக இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்வார். இவர் காத்திருப்போர் அறையின் மீன்தொட்டிக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துப் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுக்கொண்டிருப்பார். இவ்வளவு படித்தவருக்கு இது என்ன வேலை என்று அன்று எனக்குத் தோன்றியது.

தொட்டியில் இருந்தவை டிஸ்கஸ் மீன்கள். தட்டைப் போலத் தட்டையாக, ஆரஞ்சும் நீலமுமாக, எங்கும் போக அவசரமில்லாதவை போல நீந்தும். ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகள் அந்தக் கண்ணாடி முன் வந்ததும் அடங்கிவிடுவார்கள். மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்க வருவார். அவரை முதலில் மீன்களைப் பார்த்தபடி கொஞ்சநேரம் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் டாக்டர் அழுத்தம் பார்ப்பார். மீன்கள் சீக்கு பிடித்தவையா, ஏன் இவ்வளவு பத்தியம் என்று ஒருமுறை கேட்டேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தும் வீட்டுப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. "சீக்கு ஒண்டுமில்லை, மிஸ்ஸி. கெதியில, ஒரேயடியா மாத்தினால்தான் தாங்காது" என்றார். கிளினிக்கில் வேலை செய்கிற பெண்களை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், டாக்டரும் அப்படித்தான். நமக்கு நோய் வராமலிருக்கக் குழாய்த் தண்ணீரில் சேர்க்கிற குளோரின் மீனின் செவுளைச் சுட்டுவிடும். அதனால் பின்கட்டில் ஒரு பீப்பாயில் தண்ணீர் பிடித்து, குளோரினை முறிக்கும் மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட்டு, ஒருநாள் ஆறவைத்த பிறகே தொட்டிக்குக் கொண்டுபோவார். பல வருடங்கள் அந்த ஒழுங்கு ஒருநாளும் தவறி நான் பார்த்ததில்லை.

டிங்கிக் காய்ச்சல் கடுமையாக இருந்த ஒரு வருடம். டாக்டருக்கு எழுபது தாண்டியிருந்தது. உட்காரவும் இடமில்லாமல் ஐந்தடி நடைபாதை வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருகிறவள். நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டது அந்த மாதங்களில்தான். அவருக்கு அந்தத் தூக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. மனைவி காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது, பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாரா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. இந்த நிலைமையில் தண்ணீரும் நின்றது. நம் ஊரில் தண்ணீர்த் தடை புதிதல்ல, ஆனால் அந்த முறை அது முடிவதாயில்லை. கை கழுவவும் கழிப்பறைக்கும் பீப்பாய்த் தண்ணீரையே எடுத்துத் தீர்த்துவிட்டோம். தொட்டியில் தண்ணீர் மாற்றவே முடியவில்லை. அது கஞ்சி போலக் கலங்கிப்போனது.

ஒருநாள் மதியம் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் தேநீர் நிறத்தில், பிறகு தெளிவாக, குளோரின் நெடி மூக்கில் ஏறும்படி. நான் மாலைக்கு வேண்டிய காய்ச்சல் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் வாளியோடு முன்னும் பின்னும் நடக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் ஆட்கள் வந்து நிரம்பிவிட்டார்கள். சற்று நேரத்தில், மகளைக் கூட்டி வந்திருந்த ஓர் அக்கா கவுன்டருக்கு வந்து, "மிஸ்ஸி, மீனுங்க எல்லாம் கறுத்துப் போச்சுலா" என்றார்.

போய்ப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. அதற்குள் மீன்கள் கரி பூசியது போல இருண்டு, உடம்பில் வரிவரியாகக் கோடு விழுந்து, ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டிருந்தது. நான் கூப்பிட்டதும் டாக்டர் வெளியே வந்தார். குனிந்து தொட்டியை முகர்ந்தார். "மருந்து விடேல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தண்ணீரையும் கொஞ்சமாக மாற்றவில்லை, ஏறக்குறைய முழுவதையும் மாற்றியிருந்தார். வேகமாகப் பின்கட்டுக்குப் போய் மருந்தைக் கொண்டுவந்து விட்டார், காற்றுக் குழாயைக் கூட்டிவைத்தார், விளக்கை அணைத்து, நோயாளிகளைப் படுக்கவைக்கிற கட்டிலின் பச்சைத் துணியால் தொட்டியை மூடினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வந்திருந்த அத்தனை பேரையும் பார்த்து முடித்தார். குரலில் மாற்றமில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்டதையே மறுபடியும் கேட்டதுதான் வித்தியாசம்.

கடைசி ஆள் போனதும் வாசல் கதவைப் பாதி இறக்கச் சொன்னார். "இண்டைக்கு வந்த ஆக்களின்ட கார்ட் எல்லாத்தையும் எடுங்கோ." மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, எழுதிய மருந்து, அளவு, எடை, ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஒரு தவறும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு டாக்டர். மீன் விஷயம் வேற, ஆளுங்க விஷயம் வேற" என்றேன்.

"கை ஒண்டுதானே, மிஸ்ஸி."

கார்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அவரே தொடர்ந்தார்: "மறக்கிறது ஆருக்கும் வரும். நான் மறந்தனான் எண்டது எனக்குத் தெரியேல்லை பாருங்கோ. மீன் கறுத்தபடியால் தெரிஞ்சுது. மனுசர் கறுக்கமாட்டினம்."

அடுத்த சில நாட்களில் பெரும்பாலான மீன்கள் செத்துப்போயின. மிஞ்சியவை வெகுகாலம் இரை எடுக்கவில்லை. டாக்டர் புது நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தினார். பழையவர்களை ஒவ்வொருவராக வேறு டாக்டர்களிடம் அனுப்பிவைத்தார். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். துணிக்கடை பாய் மட்டும் நம்பவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு டாக்டருக்கு?" என்று கேட்டார். நானும் முழங்கால் என்றே சொன்னேன். உள்ளுக்குள் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு மறதிக்கு இவ்வளவா? இவரைவிட வயதான டாக்டர்கள் நாற்காலியை விடாமல் இருக்கிறார்களே. அந்த வயதில் நான் எங்கே போய் வேறு வேலை தேடுவது? கடைசி நாளில் பெயர்ப்பலகையைக் கழற்றியபோது அவர் முகத்தில் துக்கத்தைத் தேடினேன். வெகுநேரம் சுமந்த ஒன்றைக் கீழே வைத்தவரின் களைப்புதான் இருந்தது.

இப்போது கிள்ளானில் ஒரு பெரிய கிளினிக்கில் இருக்கிறேன். அளவு தவறினால் கணினி சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டர் சொன்ன கறுப்பு நினைவுக்கு வரும். அவர் பயந்தது வீணில்லை என்று காலம் காட்டிவிட்டது. அம்பாங் வீட்டில் பகல்நேரத்துக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு இருக்கிறார். பாய்க்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது ஞாபகம் இல்லை. எஞ்சிய மீன்கள் வரவேற்பறையில் இருக்கின்றன. தண்ணீர் மாற்றும்போது யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். அன்றிலிருந்து ஓய்வு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் மாறி மாறிப் போகிறேன். அவர் மருந்தை விடுவார். "விட்டனானோ?" என்பார். "ஊத்திட்டீங்க டாக்டர்" என்பேன். சிறிது நேரத்தில் மறுபடியும் கேட்பார். மறுபடியும் சொல்வேன்.

போன மாதம் அங்கேயும் தண்ணீர் நின்று, பீப்பாய் காலியான பிறகுதான் திரும்ப வந்திருந்தது. பீப்பாய் நிறைந்ததும் அவர் மருந்துக் குப்பியை எடுத்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் ஷிப்ட் நீண்டுவிட்டது, எனக்கும் வயது ஏறுகிறது. எப்போது கண் மூடியது என்று தெரியாது.

"விட்டனானோ, மிஸ்ஸி?"

'ஊத்திட்டீங்க' என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன். "தெரியல டாக்டர். நான் பாக்கல. அசந்துட்டேன்."

அவர் கோபிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கூட்டாளி கிடைத்தது போல என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"இன்னொரு தடவ ஊத்திடலாமா?"

"சந்தேகத்தில ரெண்டாந்தரம் மருந்து குடுக்கப்படாது."

ஆளுக்கொரு வாளியாக மொண்டு அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் ஊற்றினோம். இடுப்பு விட்டுப்போனது. பீப்பாய் மறுபடியும் நிறைய வெகுநேரம் பிடித்தது. இந்த முறை நின்றுகொண்டே பார்த்தேன். சொட்டுகளை வாய்விட்டு எண்ணினார், நானும் சேர்ந்து எண்ணினேன்.

"நாளைக்குத்தான் மாத்தலாம். வருவீங்களோ?"

மறுநாள் எனக்கு வேலை. கிள்ளானிலிருந்து அம்பாங் வரைக்குமான எல்லாப் படிக்கட்டுகளும் கண்முன் வந்துபோயின. "வேலை முடிஞ்சு வரேன் டாக்டர்" என்றேன். "கொஞ்சம் லேட்டாகும்."

"ஓம், அவசரமில்லை" என்றார். "அதுவரைக்கும் தண்ணி ஆறட்டும்."