மார்கழியில் ஆள் விடாத மதினி

தாதர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகன் முருகேசன் போன் செய்தான். "அத்தே, அம்மா போயிட்டா." நெஞ்சுவலியாம். "எப்படிலே போவா? எங்க சண்டை இன்னும் முடியலையே" என்று கேட்டேன். காய்க்காரி நிமிர்ந்து பார்த்தாள். தாராவியில் பொன்னுத்தாய் மதினியைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சண்டையும் தெரியும். கர்ஜத் வீடு எங்களுக்கு நிற்குமா, விற்றுப்போகுமா என்கிற சண்டை. செத்தபிறகு எல்லோரையும் தங்கம் என்று சொல்லுவது உங்கள் வழக்கம். எனக்கு அது வராது.

அந்த வீட்டை எங்கள் அண்ணனும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து, பம்பாயிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில், மலையடியில் கட்டினார்கள். இருவரும் போனபிறகு எங்கள் இரண்டு பேர் கைக்கு வந்தது. லீவுக்கு வருகிற பம்பாய்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டோம். மழைக்காலத்தில் கூரை ஒழுகும். வெயில்காலத்தில் கிணறு வற்றும். குளிர்காலம் ஒன்றுதான் வீட்டுக்குச் சோறு போடும். அதிலும் கிறிஸ்துமஸ், புது வருஷம் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் மதினி வீட்டைப் பூட்டிவிடுவாள். ஏனென்றால் அது மார்கழி. மார்கழியில் யாரையும் புதிதாகக் குடிவைக்கக் கூடாதாம்.

"ரெண்டு நாள் தங்கிட்டுப் போறவுக குடியா மதினி?"

"அடுப்புப் பத்த வச்சா குடிதாம்ட்டி."

"லாட்ஜுக்காரன்லாம் மார்கழியில பூட்டிட்டா போறான்?"

"அவன் எங்க வீடு கட்டினான்? ரூம்புல்லா கட்டியிருக்கான்."

 

ஒரு வருஷம் அவளுக்குத் தெரியாமல் செம்பூர் மராத்திக் குடும்பம் ஒன்றை மார்கழியில் தங்கவைத்தேன். சமைக்கக் கூடாது, சாப்பாடு நானே தருவேன் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான். மதினி அடுத்த கர்ஜத் லோக்கல் ரயிலில் வந்து இறங்கினாள். அவள் வாசலில் கால் வைக்கவும், அந்தக் குடும்பத்துப் பெண் தன் பிள்ளைக்குக் காய்ச்சிய பால் பொங்கி வழியவும் சரியாக இருந்தது. "மார்கழியில பால் காய்ச்சிட்டாளே! கிரகப்பிரவேசத்தையே முடிச்சிட்டாளே!" என்று மதினி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் பயந்துபோய் அடுப்பைத் துடைக்கிறாள். "தூத் ஹி தோ ஹை ஆன்ட்டி" என்கிறாள். வெறும் பால்தானே என்று. மதினி எலுமிச்சம்பழம் வாங்கிவந்து, எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சுற்றி, வாசலில் போட்டு நசுக்கினாள். விடிந்ததும் அவர்கள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். அதை நான் மறக்கவில்லை.

கார்த்திகையிலும் தையிலும் வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், வேறு மதினியைச் சொல்லுவார்கள். கேட்காமலே வெந்நீர் போட்டு வைப்பாள். குளிருகிறது என்று யாராவது முனகினால், "தண்டி கே லியே ஆயா நா? ஃபிர் தர்வாஜா காய்கோ பந்த்?" என்பாள். குளிருக்குத்தானே வந்தீர்கள், பிறகு கதவை எதற்குச் சாத்துகிறீர்கள் என்று கேலி. கேலி பண்ணிக்கொண்டே தன் கம்பளியையும் கொடுத்துவிட்டு, சேலையைப் போர்த்தி நடுங்கிக்கொண்டு கிடப்பாள். இதையும் சொல்லத்தான் வேண்டும். பொய் எழுதக் கூடாது.

இந்த வருஷம், வீட்டுச் செலவுக்குக் கைக்காசு போடுகிற முருகேசன் கறாராகச் சொல்லிவிட்டான், இந்தக் குளிர்காலத்திலாவது வீடு தன் செலவைத் தானே பார்க்காவிட்டால் தையில் விற்றுவிடுவேன் என்று. என் வீட்டுக்காரர் தோளில் கல் சுமந்து கட்டின வீடு. நான் அலைந்து திரிந்து மார்கழி முழுக்க ஆள் பிடித்து வைத்தேன். மதினி அசையவில்லை. "விக்கட்டும்ட்டி. மார்கழியில அங்க அடுப்பு எரியக் கூடாது." என்னிடம் அவள் பேசின கடைசிப் பேச்சு அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முருகேசனிடம், "இனி தடுக்க ஆளில்லையேலே, கேட்டவுகள வரச் சொல்லிருவோமா?" என்றேன். அம்மாவின் சாஸ்திரத்தைக் கேலி பண்ணியே வளர்ந்தவன் அவன். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மார்கழி மட்டும் வேண்டாம் அத்தே. அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா" என்கிறான். வரவிருந்தவர்களுக்கெல்லாம் நானே போன் போட்டு, இல்லை என்று சொன்னேன். தையில் வீட்டை வாங்குவதற்கு ஆள் வருகிறது. இருந்தபோதும் ஜெயித்தாள், போயும் ஜெயித்துவிட்டாள்.

"அம்மாவை மன்னிச்சிருங்க அத்தே" என்று முருகேசன் கையைப் பிடித்தான். மாட்டேன் என்றேன். வீடும் போகப்போகிறது. மதினியிடமிருந்து எனக்கென்று மிச்சம் இந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால், காலையில் எழுந்ததும் நான் யாரை நினைத்து முணுமுணுப்பேன்?