வில்பரைத் தேடி ஒரு வெள்ளிக்கிழமை

வெள்ளி காலை ஆறரை மணிக்கு மஸ்கட் நகரின் ரூவியில் டாக்சி பிடித்தேன். சிடாப் மீன்பிடித் துறை வரை சுமார் ஒன்பது கிலோமீட்டர், மூன்று ரியால். வாரத்தில் ஒருநாள் கிடைக்கும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பையனின் கல்லறைக்குப் போகிறேன் என்று ரூம்காரர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு மாதத்துக்குச் சிரித்திருப்பார்கள்.

அக்கா கொடுத்த வேலை இது. அவள் டொரோண்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், பராமரிப்பு வேலை. அவள் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டும் எடித் என்ற கிழவிக்குத் தொண்ணூற்று மூன்று வயது. எடித்தின் அண்ணன் வில்பர், கோதுமை விளைவிக்கும் வீட்டுப் பிள்ளை. பதினெட்டு வயதுவரை அவன் பார்த்த பெரிய நீர்நிலையே மாடு தண்ணீர் குடிக்கும் குளம்தானாம். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்து, நீர்மூழ்கிகளைத் தேடி இந்தக் கடலுக்கு மேல் பறந்து, இருபத்திரண்டு வயதில் செத்துப்போனான். கடைசிக் கடிதத்தில் வெயிலைத் திட்டி, டின்னில் வரும் பழத்தைத் திட்டி, வந்ததும் உனக்குச் சைக்கிள் பழக்குவேன் என்று தங்கைக்கு எழுதியிருந்தான். மஸ்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடாவில் அவனை மரியாதையாக அடக்கம் செய்தோம் என்று அவனுடைய கூட்டாளி ஒருவன் தாய்க்கு எழுதினான். அந்தக் கல்லின் படத்தையாவது பார்த்துவிட்டுக் கண்மூட வேண்டும் என்பது எடித்தின் ஆசை.

ஏழேகாலுக்குப் படகு ஏறினேன். படகோட்டி சேவியர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். போய்வரப் பதினைந்து ரியால் கேட்டுப் பன்னிரண்டுக்கு இறங்கினார். குடாவுக்குச் சாலை கிடையாது. மூன்று பக்கமும் மொட்டைப் பாறை, முன்னால் கடல். மணலுக்கு மேலே வரிசையாகக் கல்லறைகள், வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தன. யாரோ இன்னமும் வந்து பார்த்துக்கொள்கிறார்கள். ஊரில், வன்னியில் நடந்த கடைசிப் போரில் செத்த எங்கள் சனத்துக்கு ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை.

இரண்டு தடவை சுற்றி வந்தோம். வில்பர் இல்லை. பெயர் தெரியாத ஒருவருக்கான கல் ஒன்று மட்டும் ஓரத்தில் இருந்தது.

அவன் எப்படிச் செத்தான் என்று சேவியர் கேட்டார். விமானம் கடலில் விழுந்ததாகச் சொன்னேன்.

"அப்போ உடம்பு கெடச்சிருக்காது," என்றார். "கூட்டாளிக்காரன் பெத்தவ மனசு ஆறட்டும்னு எழுதியிருப்பான். கையில இருக்க பூவ கடல்ல போடுங்க. எங்க ஊர்ல கடல்ல போனவனுக்கு அப்படித்தான் செய்வோம்."

ரூவியில் முதல்நாள் ஒரு ரியாலுக்குக் கொஞ்சம் குறைவாக, எண்ணூறு பைசாவுக்கு வாங்கிய மல்லிகைச் சரத்தைக் கடலில் விட்டேன். அலை அதை இரண்டு தடவை கரைக்கே தள்ளியது.

ஒன்பதரைக்கு, துறையில் இறங்கியதும் அக்காவை அழைத்தேன். அவள் இரவு டியூட்டியில் இருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பெயரில்லாத கல்லைப் படமெடுத்தேனா என்று கேட்டாள். எடுத்தேன் என்றேன்.

"அதை அனுப்பு. இதுதான் எண்டு சொல்லிவிடுவம். பாவம், எத்தினை நாளைக்கு இருக்கப்போகுது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. போர் முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு ஒருவன் வந்தான். கடைசிப் போரில் காணாமல்போன எங்கள் தம்பியைத் தெற்கே ஒரு இராணுவ முகாமில் கண்ணால் கண்டதாகச் சொல்லி, அம்மா போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் போனான். நல்ல மனதோடுதான் சொன்னானோ என்னவோ. அன்றிலிருந்து தம்பியின் படத்துக்கு மாலை போட அம்மா விடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. எங்களைப் பெற்ற ஐயா செத்துப்போனபோது அவருடைய படத்தைக்கூடத் தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட விடவில்லை. மாலை போட்ட படம் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு ஆகாதாம்.

"எங்கட வீட்டில ஒருத்தன் சொன்ன பொய் போதாதோ?" என்றேன். "இல்லை எண்டு உள்ளதைச் சொல்லு. கடலின்ர படம் அனுப்புறன்."

மாலை நாலரைக்கு அக்கா அழைத்தாள். உள்ளதைச் சொல்லிவிட்டாளாம். எடித் கொஞ்சம் அழுதாளாம். பிறகு கடலின் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்து, நேராகச் சொன்னதற்கு எனக்கு நன்றி சொல்லச் சொன்னாளாம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறு மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து அம்மா வந்தாள். வெள்ளிக்கிழமை தவறாத வீடியோ அழைப்பு. சாப்பிட்டாயா, வெயில் எப்படி என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பியைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ, அப்பு?"

கைப்பேசித் திரையில் அவளுடைய முகம் மிகவும் கிட்டத்தில் இருந்தது.

"விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் அம்மா," என்றேன்.